நெல் தோகை பட்ட கண்

தேனியில் ஒரு கண் மருத்துவமனை. காலையிலேயே பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. சின்னமனூர்ப் பக்கமிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வலது கண்ணைச் சேலைத் தலைப்பால் பொத்தியிருக்கிறார். ஜன்னல் வெளிச்சம் பட்டாலே முகத்தைச் சுளிக்கிறார். பக்கத்தில் தம்பி, கையில் மஞ்சள் பை.

பெயர் கூப்பிட்டதும் உள்ளே போகிறார்கள். கதவு பாதி திறந்தே இருக்கிறது.

"எப்பம்மா பட்டுச்சு?"

"போன வெள்ளிக்கிழமை, டாக்டரம்மா. களை எடுக்கக் குனிஞ்சேன், நெல்லுத் தோகை அடிச்சிருச்சு. தூசுதான்னு நெனச்சு ஊர்ல ஒரு கெழவிகிட்ட நாக்கால எடுத்தேன். பெறகு தாய்ப்பால் விட்டேன். இப்பப் பூ விழுந்த மாதிரி இருக்கு."

"கடையில சொட்டு மருந்து வாங்குனீங்களா?"

தம்பி பையைத் துழாவி ஒரு சின்னப் பாட்டிலை நீட்டுகிறார். டாக்டர் பெயரைப் படித்ததும் அதைத் திருப்பித் தரவில்லை, மேசை ஓரத்தில் வைத்துக்கொள்கிறார். ஸ்டீராய்டு. அதை விட்டால் இரண்டொரு நாள் சிவப்பு குறையும், வலி குறையும். உள்ளே பூஞ்சை இருந்தால், அதை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவலும் சேர்ந்து அடங்கிவிடும்.

கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சம் அடிக்கிறார்கள். தோல் போன இடம் மட்டும் பச்சையாக ஒளிர்கிறது. ஓரங்கள் பிசிறு பிசிறாக.

கருவிழிப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் இழைகள். தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் இழைவலையைத்தான் ஹைட்ரோஜெல் என்கிறார்கள். நாம் எல்லோரும் உலகத்தைப் பார்ப்பது அப்படி ஒரு ஜெல் வழியாகத்தான். அதில் ரத்தக் குழாய் கிடையாது. தெளிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கிருமி புகுந்தால் எதிர்க்கும் செல்கள் உடனே வந்து சேர முடியாததற்கும் அதுவே காரணம்.

இந்த அம்மாவின் கண்ணில் இப்போது இரண்டு நகர்வுகள். காயத்தின் ஓரத்தில் இருக்கும் மேல்தோல் செல்கள் தட்டையாகி, ஒன்றையொன்று விடாமல், நடுவை நோக்கி ஊர்கின்றன. வெறும் கீறலாக இருந்திருந்தால் இரண்டொரு நாளில் மூடியிருக்கும். எதிர்ப்பக்கம் பூஞ்சை இழைகள், கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்தபடி ஆழத்துக்கு இறங்குகின்றன.

ஆய்வகங்களில் இதே நகர்வைப் பார்க்க கொலாஜன் ஜெல் செய்து அதில் செல்களை விடுகிறார்கள். சில நிமிடத்துக்கு ஒரு படம் என்று நுண்ணோக்கி கேமரா எடுத்துக்கொண்டே இருக்கும். ஜெல்லை இறுக்கினால் செல் எப்படிப் போகிறது, இழைகளின் இடைவெளி குறைந்தால் நெருக்கிப் பிதுங்கிப் போகிறதா, அறுத்து வழி செய்கிறதா? புற்றுநோய்ச் செல் பக்கத்துத் திசுவுக்குள் புகுவதையும் இப்படித்தான் கவனிக்கிறார்கள். கெட்டியான பிளாஸ்டிக் தட்டில் செல் நடந்துகொள்ளும் விதமே வேறு.

டாக்டர் மரத்துப்போகும் மருந்து விட்டுப் புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டுகிறார். கொஞ்சம் கண்ணாடிச் சில்லுக்கு. கொஞ்சம் அகர் தட்டுகளுக்கு. ஆங்கில 'சி' எழுத்து வரிசையாக இழுக்கப்படுகிறது. கோட்டின் மேல் முளைத்தால்தான் கண்ணிலிருந்து வந்தது. கோட்டுக்கு வெளியே முளைப்பது காற்றில் வந்து விழுந்ததாக இருக்கலாம்.

அகரும் ஹைட்ரோஜெல்தான். ரம்ஜான் மாதத்தில் கம்பத்து வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைக்கும் கடல்பாசி இதுவே. ராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இதை எடுக்கிறார்கள். கிருமி வளர்க்க இது உதவும் என்று 1881இல் சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே. சமையலறையில் அதைப் பழகியவர்.

லேபில் சில நாளைக்கு முந்தைய தட்டு ஒன்று. 'சி' கோடுகளின் மேல் வெள்ளைப் பஞ்சாகப் படர்ந்திருக்கிறது, அடியில் லேசான இளஞ்சிவப்பு. ஃபுசேரியம். இதே குடும்பத்தின் வேறொரு வகைதான் கம்பம் பள்ளத்தாக்கின் வாழைத் தோட்டங்களில் வாடல் நோய் கொண்டுவருவது.

1994இல் மதுரையில் மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, மூவரில் இருவருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. புண் என்று வந்த பிறகு மருந்து தேடுவதைவிட, அடிபட்ட அன்றே வருவதுதான் பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது. பூஞ்சைப் புண்ணுக்கு இருக்கிற நல்ல மருந்து நேட்டமைசின். 2013இல் வெளியான, அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரிடம் நடந்த ஆய்வில், விலை கூடிய வோரிகோனசோலைவிட அதுவே மேல் என்று தெரிந்தது. ஃபுசேரியத்தில் அந்த வித்தியாசம் மிகத் தெளிவு. ஆனால் நேட்டமைசின் ஆழத்துக்கு அதிகம் இறங்காது. பூஞ்சை முந்திவிட்டால் மருந்து பின்தங்கிவிடும்.

சில்லில் இழைகள் தெரிகின்றன என்று லேபிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"மணிக்கு ஒரு சொட்டும்மா, ராத்திரியும். பாட்டிலை நல்லாக் குலுக்கிட்டு விடணும்."

"வயலுக்குப் போகலாமா?"

"இப்ப வேண்டாம்மா."

"எங்க செட்டுல இன்னொரு பிள்ளைக்கும் நேத்துப் பட்டுச்சு. தண்ணி வடிஞ்சுகிட்டே இருக்குன்னா."

டாக்டர் பேனாவைக் கீழே வைக்கிறார். "அவங்களை இன்னைக்கே வரச் சொல்லுங்க."

தம்பி அதற்குள் போனை எடுத்துவிட்டார். "மதினி, கடையில எதும் மருந்து வாங்கி விட்டுறாதீக. யாரும் நாக்கு வைக்கவும் வேணாம். அப்படியே பஸ் ஏறி தேனிக்கு வாங்க, நான் ஸ்டாண்டுல நிக்கிறேன்."