தனிப் பாத்திரம்

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிய வீட்டில் தகப்பனார் மதிப்பெண்ணைப் பற்றி விசாரிப்பார்; தாயார் சோற்றைப் பற்றி விசாரிப்பார். நம் லாத்தாவின் மகன் மருத்துவம் பயிலப் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகருக்குச் சென்று மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. தமிழகத்துப் பிள்ளைகள் பலர் அந்நாட்டில் மருத்துவம் படிப்பதை வாசகர்கள் அறிவார்கள். 2023ஆம் ஆண்டில் உறவினர் இல்லத் திருமணமொன்றுக்காக நாம் மலேசியாவுக்குப் புறப்பட்டபோது, லாத்தா நம்மைத் தனியே அழைத்தார்கள்.

"தம்பி, அங்கேருந்து மணிலா பக்கந்தானாமே. ஒரு எட்டு போயி, புள்ள என்னத்தத் திங்கிறான், யாரு கையால திங்கிறான்னு பாத்துட்டு வா. போன்ல கேட்டா 'நல்லாத் திங்கிறேன் உம்மா'ங்கிறான். அது எனக்குப் போதாது."

கோலாலம்பூரிலிருந்து மணிலாவுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணம். அது லாத்தாவுக்கு 'ஒரு எட்டு'. முப்பது ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வரும் நமக்கு அந்தச் சொற்களுக்குள் இருந்த வினா விளங்காமலில்லை. பிள்ளை வயிறார உண்கிறானா என்பது பாதி வினா. ஹலாலானதை உண்கிறானா என்பது மறுபாதி.

நாம் மணிலா சேர்ந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு மருமகன் நம்மைக் கியாப்போ என்னும் பகுதிக்கு அழைத்துச் சென்றான். அங்குள்ள பொன்னிறக் குவிமாடப் பள்ளிவாசல் 1976ஆம் ஆண்டு கட்டப்பெற்றது. சுற்றிலும் தென் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்களின் கடைகள். ஸ்பானியர் 1571ஆம் ஆண்டு மணிலாவைக் கைக்கொள்ளும் வரையில் ராஜா சுலைமான் என்னும் முஸ்லிம் மன்னர் ஆண்ட ஊர் அது. இன்று நாட்டு மக்களில் முஸ்லிம்கள் 6.4 விழுக்காட்டினர் என்று 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. ஆட்சி போனாலும் சொற்கள் போகவில்லை. நன்றி கூற அம்மக்கள் 'சலாமத்' என்கிறார்கள்; நீதிபதியை 'ஹுக்கோம்' என்கிறார்கள். இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. தினந்தோறும் அச்சொற்களை வழங்குவோரில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறித்தவர்கள்.

தொழுகை முடிந்ததும் கியாப்போவிலேயே உண்ணலாமே என்றோம். "இல்லை மாமா, நான் தினமும் சாப்பிடும் இடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். உம்மா அதற்காகத்தானே உங்களை அனுப்பினார்கள்?" என்றான் மருமகன். நம் வருகையின் நோக்கத்தை அவன் முன்பே அறிந்திருந்தான்!

ஜீப்னி என்னும் நீண்ட வண்டியில் ஏறி, பல்கலைக்கழகங்கள் நெருங்கிய சம்பாலோக் பகுதியில் இறங்கினோம். 'சம்பாலோக்' என்றால் தகாலோக் மொழியில் புளி. சந்து ஒன்றினுள் ஒரு வீட்டின் முன்னறையே கடையாக இருந்தது. இரண்டு மேசைகள், நான்கு விசுப்பலகைகள், சுவரில் ஈசா நபியின் தாயாருடைய படம். இத்தகைய கடையை அங்கே 'காரிந்தேரியா' என்பர். சமைத்தவற்றை மூடிய சட்டிகளில் வரிசையாக வைத்திருப்பார்கள். வருகிறவர் மூடியைத் திறந்து பார்த்து, வேண்டியதைச் சுட்டிக் காட்டுவார். இதனால் 'தூரோ தூரோ', அதாவது 'சுட்டு, சுட்டு' என்றும் இதற்குப் பெயர். சோற்றுக்குத் துணையாக வரும் எதையும் 'ஊலாம்' என்ற ஒரே சொல்லால் வழங்குகிறார்கள். நாம் ஆணம் என்பதைவிட விரிந்த பொருள் அதற்கு.

நாம் ஒரு மூடியின்மேல் கை வைத்தோம். கடைக்கார அம்மையார் விரைந்து வந்து அந்த மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். நம் தொப்பியையும் தாடியையும் பார்த்தபடி, "பாபோய் போ, பாபோய்" என்றார். பன்றி இறைச்சி என்பது பொருள். 'போ' என்பது நம் 'ங்க' போன்ற மரியாதைச் சொல் என்று மருமகன் விளக்கினான். அடுத்த சட்டியைச் சுட்டினார், அதுவும் பன்றி. அதற்கடுத்தது பன்றியின் இரத்தத்தில் சமைத்த குழம்பு.

நம் நெஞ்சம் சுருங்கிப் போயிற்று. இந்தச் சட்டிகளுக்கு நடுவிலா நம் பிள்ளை மூன்றாண்டுகளாக உண்கிறான்? லாத்தாவிடம் என்ன சொல்வது? கியாப்போவில் முஸ்லிம் கடைகள் இத்தனை இருக்க, இங்கே வருவானேன் என்று அவனைக் கடிந்துகொள்ள வாய் திறந்தோம். அதற்குள் அம்மையார் உள்ளே போய், கைப்பிடியில் பச்சைத் துணி சுற்றிய சட்டியொன்றைக் கொண்டு வந்து வைத்தார். அதன் அகப்பையிலும் பச்சைத் துணி இருந்தது.

"அது எனக்குரிய சட்டி, மாமா" என்றான் மருமகன்.

நாம் உடனே அமரவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தில் பன்றி பட்ட பாத்திரம் ஏழு முறை கழுவப்பட வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால். மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நாம் நடத்தும் பாடம் அது. ஆகவே மருமகனை மொழிபெயர்க்கச் சொல்லி வினவத் தொடங்கினோம். இச்சட்டி புதிதாக வாங்கப்பட்டதா? எங்கே கழுவுகிறார்? எந்தத் தேய்ப்பானால்? எண்ணெய் எது? மருமகனுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மையாரோ நம் கையைப் பற்றாத குறையாக அடுக்களைக்கு அழைத்துச் சென்றார். ஒரு மூலையில் தனியாக ஒற்றை அடுப்பு. அதன் மேலே ஆணியில் தொங்கும் வாணலி, கத்தி, தேய்ப்பான். எல்லாவற்றிலும் பச்சைத் துணி. ஊறுகாயில் ஊற்றும் காடியைப் பற்றியும் கேட்டோம். தம் ஊரிலிருந்து வரும் தென்னங்காடி என்றும், தானாகவே புளிப்பது, எதுவும் சேர்ப்பதில்லை என்றும் சொன்னார். தானாகப் புளித்துக் காடியாக மாறியது தூய்மையானது என்பதே நம் சட்டமும்.

இது எப்படித் தொடங்கியது என்பதை மருமகன் பிறகு கூறினான். முதலாண்டில் அவன் இக்கடையில் மீனும் முட்டையும் காய்கறியும் மட்டுமே வாங்கி உண்டான். ஒரு நாள் பாதி உண்டுகொண்டிருக்கையில் அம்மையார் ஓடி வந்து தட்டை எடுத்துக்கொண்டார். அடுத்த சட்டியின் அகப்பையை மறதியாக அவனுடைய மீன் சாற்றில் போட்டுவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சட்டி முழுவதையும் கொட்டினார். மறுநாள் பச்சைத் துணிச் சட்டி வந்துவிட்டது.

"அவர்கள் சொல்லாமலிருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது, மாமா."

அமானத் என்ற சொல்லுக்கு எத்தனையோ மேடைகளில் விளக்கம் கூறியிருக்கிறோம். யாரும் பார்க்காத அடுக்களையில், தம் மார்க்கத்தில் விலக்கப்படாத ஒன்றை, பிறர் மார்க்கத்துக்காக ஒருவர் காத்த இத்தகைய எடுத்துக்காட்டு அப்போது நம் கைவசம் இருக்கவில்லை.

அதன்பின் அமர்ந்தோம். வெள்ளிக்கிழமையாதலால் அன்று பாசிப்பயறு. ஈஸ்டருக்கு முந்திய தவக்கால வெள்ளிகளில் கத்தோலிக்கர் இறைச்சி உண்பதில்லை. அப்பழக்கத்திலிருந்து, ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் 'முங்கோ' எனப்படும் பாசிப்பயறு ஆக்குவது அந்நாட்டுக் கடைகளின் வழக்கமாகிவிட்டது. பயற்றைக் குழைய வேக வைத்து, வெள்ளைப்பூண்டும் வெங்காயமும் தக்காளியும் வதக்கிச் சேர்த்து, புகையில் வாட்டிய மீனை உதிர்த்துப் போட்டு, இறக்கும் தறுவாயில் ஒரு கீரையைத் தூவுகிறார்கள். உற்றுப் பார்த்தோம்: முருங்கைக்கீரை! 'மலுங்காய்' என்றார் அம்மையார். தாவரவியலார் வழங்கும் 'மொரிங்கா' என்ற பெயர் நம் முருங்கையிலிருந்து பிறந்தது என்று மருமகனுக்குச் சொன்னோம். லாத்தாவின் அடுக்களையில் நோன்பு மாதம் தவறாது மணக்கும் அதே பயறும் அதே கீரையும் கடல் கடந்து அவனுக்கு முன்னே வந்திருந்தன.

மற்றொரு கிண்ணத்தில் 'சினிகாங்'. பச்சைப் புளியங்காயை வேக வைத்து மசித்து வடித்த சாற்றில், நம் கடற்கரையோர் பால்கெண்டை என்னும் மீனும் முள்ளங்கியும் கீரையும் நீண்ட பச்சைமிளகாயும். மிளகாய்த்தூளோ மஞ்சளோ இல்லை. முதல் மிடறு வெறும் புளிநீராகத் தோன்றியது. மூன்றாம் மிடற்றில் வெயிலுக்கு இதைவிட ஏற்றது வேறில்லை என்று பட்டது. தொட்டுக்கொள்ளப் பப்பாளிக்காய் ஊறுகாய். அதன் பெயர் 'அச்சாரா'. நம் வீடுகளின் அச்சார்தான். சோற்றைக் கிண்ணத்தில் அமுக்கித் தட்டில் கவிழ்க்கிறார்கள். அனைவரும் வலக்கையில் கரண்டியும் இடக்கையில் முள்ளும் கொண்டு உண்கிறார்கள். நாம் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையால் பிசைந்ததும், அம்மையார் மகிழ்ந்து, தம் பாட்டியார் அப்படித்தான் உண்பார் என்று கூறிக் கை கழுவ நீர் கொண்டுவந்து வைத்தார்.

கூட்டம் குறைந்தபின் அவரும் தம் தட்டோடு எதிர்ப்பலகையில் அமர்ந்தார். அப்போது சந்தில் வண்டிக்காரர் ஒருவர் போனார். "காயின் தாயோ!" என்று அவரை அழைத்தார். 'உண்போம்' என்பது பொருள். உண்ணும்போது யார் கடந்து போனாலும் இப்படி அழைப்பது அவர்கள் மரபு. அழைக்கப்பட்டவர் நன்றி கூறிப் போய்விடுவார். ஆனால் அழைக்காமலிருப்பது முறையன்று. நம் ஊர்த் திண்ணைகளில் இவ்வழக்கம் இருந்ததை வாசகர்களில் மூத்தோர் நினைவு கூர்வார்கள்.

'தாயோ' என்பதைப் பற்றி மருமகன் கூறிய செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்தியது. தமிழில் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' உண்டு. அவரை விலக்கும் 'நாங்கள்' உண்டு. அரபியில் இரண்டுக்கும் 'நஹ்னு' என்ற ஒரே சொல். தகாலோக் மொழியோ தமிழைப் போலவே இரண்டையும் பிரிக்கிறது: 'தாயோ' என்றால் நாம், 'கமி' என்றால் நாங்கள். சோற்றுக்கு அழைக்கும்போது அவர்கள் சொல்வது 'தாயோ'.

இந்தப் பிள்ளைக்காக இவ்வளவு சிரமம் ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அம்மையாரிடம் கேட்டோம். அவருடைய மகள் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறார். முதலில் வேலை செய்த வீட்டில் எல்லாரும் உண்டு முடித்தபின் எஞ்சியதைத் தனித் தட்டில் இட்டு வாசற்படியருகே வைப்பார்களாம். இரண்டாவது வீட்டு அம்மையார் முதல் நாளே தம் பக்கத்தில் அமர்த்தி, தம் தட்டிலிருந்தே பகிர்ந்து கொடுத்தாராம். "இரண்டும் உங்கள் மக்கள்தான். நான் இரண்டாம் வீட்டு அம்மாவைப் போல இருக்க விரும்புகிறேன்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் குரலில் குத்தல் ஏதும் இல்லை. ஆயினும் நமக்குக் கவளம் சற்றே நேரம் தொண்டையில் நின்றது.

காரணம், அந்த முதல் வீடு நம் நினைவில் எழுப்பியது நம் வீட்டை. நம் இல்லத்தில் பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்கென்று புறக்கடை மாடத்தில் நசுங்கிய அலுமினியத் தட்டு ஒன்று பல்லாண்டுகளாக இருந்து வந்தது. அதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை; நம் தாயார் காலத்தில் இருந்தது, தொடர்ந்தது. சம்பாலோக்கிலும் தனிப் பாத்திரம். நம் புறக்கடையிலும் தனிப் பாத்திரம். அங்கே உண்பவரின் மனச்சான்று நோகாதிருக்க வைத்தார்கள். இங்கே நம் பாத்திரம் அவர் கை படாதிருக்க வைத்தோம். ஏழு முறை கழுவும் சட்டத்தை அந்த அடுக்களையில் நின்று அத்தனை நுணுக்கமாக விசாரித்த நாம், மனிதரின் வாயோ கையோ அசுத்தமென்று எந்தக் கிதாபிலும் படித்ததில்லை. அதற்கு மாறாகவே ஓதியிருக்கிறோம், ஓதியும் கொடுத்திருக்கிறோம்.

உணவுக்கு அம்மையார் வழக்கமான விலையே வாங்கினார். விருந்தினர் என்று குறைக்கவுமில்லை, வெளியூரார் என்று கூட்டவுமில்லை. விடைபெறும்போது அவருடைய பேரக்குழந்தை நம் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டது. பெரியவர்களுக்கு அவர்கள் செய்யும் மரியாதை அது.

ஊர் திரும்பியதும் லாத்தாவிடம் அனைத்தையும் கூறினோம். பச்சைத் துணியின் செய்தியைக் கேட்டு நெடுநேரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "தம்பி, நம்ம வீட்டு மசாலாத்தூளு ரெண்டு கிலோ இடிச்சித் தாறேன். அடுத்த தடவ போற புள்ளைங்ககிட்டக் குடுத்துவுடு. அந்தப் பச்சத்துணிச் சட்டியிலயே மீனாணம் ஆக்கி, அந்தம்மாவையும் திங்கச் சொல்லு" என்றார்கள்.

அன்று மாலையே நாம் புறக்கடைத் தட்டை எடுத்துப் பழைய சாமான்காரரிடம் போட்டோம். மறுநாள் அந்த அம்மையார் மாடத்தில் தேடிவிட்டு, "என் தட்டக் காணோமே" என்றார். எந்தத் தட்டில் வேண்டுமானாலும் உண்ணலாம் என்று நாம் கூறியது அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை, கலக்கமே தந்தது. சில நாட்கள் இலைத்துண்டு கொண்டுவந்து அதில் உண்டார். நெடுங்காலம் ஊறிய ஒன்று, ஒரு தட்டை அகற்றியதால் அகன்றுவிடுமா? கடைசியில் நம் மனைவியார்தாம் வழி கண்டார். இரண்டு தட்டுகளில் சோறு போட்டு, அடுக்களைத் தரையில் தாமும் அமர்ந்து, "வாம்மா, சாப்பிடலாம்" என்று அழைத்தார்.

அவர் தயங்கியவாறே வந்து அமர்ந்தார்.