ஒட்டினால் பிரிக்க வரவேண்டும்

பார்லர் கிட்டார் என்றதும் பியூட்டி பார்லர் ஞாபகம் வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் பார்லர் என்றால் வீட்டு முன்னறை. விருந்தாளிகளை உட்காரவைக்கும் இடம். ரேடியோ கிடையாது, டி.வி. கிடையாது. வீட்டில் யாராவது வாசித்தால்தான் சாயங்காலம் பாட்டு. அதற்காகச் செய்த சின்ன கிட்டார் இது. மடியில் அடக்கமாக உட்காரும். பெண்கள் நிறைய வாசித்தார்கள்.

ஜெர்மனியிலிருந்து 1833-ல் நியூயார்க் வந்து இறங்கிய சி.எஃப்.மார்ட்டின் இதில் பெரிய கை. பிறகு நாசரேத்தில் குடியேறினார். நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் இல்லைங்க, பென்சில்வேனியாவில்! கம்பெனி இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கிட்டார்களுக்கு ஆட்டுக் குடலில் செய்த தந்திதான் சரி. பின்னால் வந்தவர்கள் சத்தம் போதவில்லை என்று ஸ்டீல் தந்தியை மாட்டினார்கள். இழுவை தாங்காமல் மேல்பலகை தொப்பை போட்டது, கழுத்து வளைந்தது. பழைய பார்லர் கிட்டார் ரிப்பேருக்கு வந்தால் பாதி வியாதி இதுதான்.

ரிப்பேர் செய்பவர்களைப் பற்றிப் படித்ததில் எனக்குப் பிடித்துப்போனது அவர்களுடைய ஒரு விதி. நீ செய்ததை நாளைக்கு இன்னொருவன் பிரிக்க முடியவேண்டும். அதனால் ஃபெவிகால் சமாசாரமெல்லாம் கிடையாது. நம் தச்சர்கள் காய்ச்சிய வச்சிரம் மாதிரி தோல் பசைதான். சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். பழைய பாலிஷைச் சுரண்டிவிட்டுப் புதுசாகப் பளபளக்க வைத்தால் விலை ஏறாது, இறங்கும்.

பாடகி ஜோன் பேயஸிடம் 1929-ம் வருஷத்து சின்ன மார்ட்டின் ஒன்று இருந்தது. அதன் மேல்பலகையின் உள்பக்கம், 'நீ கம்யூனிஸ்டாகப் போனதுதான் வருத்தம்' என்ற அர்த்தத்தில் எழுதியிருந்ததாம். முன்பு ரிப்பேர் செய்த யாரோ ஒருவரின் வேலை. எனக்கு அந்த ஆளைப் பிடித்திருக்கிறது. அரசியலில் கோபம், ஆனால் ஒட்டுவதில் குறை வைக்கவில்லை!

2015-ல் வந்த 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படம் பார்த்தீர்களா? கதாநாயகி வாசிக்கும் கிட்டாரைப் பிடுங்கி, கர்ட் ரஸ்ஸல் தூணில் அடித்து நொறுக்குவார். அது மார்ட்டின் மியூசியத்திலிருந்து இரவல் வாங்கிய 1870-களின் அசல் கிட்டார். நொறுக்குவதற்கு முன் டூப்ளிகேட்டை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. ரஸ்ஸலுக்கும் தெரியாது. ஜெனிஃபர் ஜேசன் லீ முகத்தில் தெரியும் அதிர்ச்சி நடிப்பில்லை. எந்த வச்சிரமும் அதை இனி ஒட்டாது. சினிமாவுக்கு இனி இரவலே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. பி.காம். மூளைக்குக் கணக்கு சுலபம். ரொக்கம் பற்று, கிட்டார் வரவு. பேலன்ஸ் ஷீட் டேலி! ஆனால், எத்தனையோ கைகள் 140 வருஷம் பத்திரமாகக் கடத்திக்கொண்டு வந்தார்களே... அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? எங்கள் கல்லூரியில் சொல்லித்தரவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது பழசு கிடக்கலாம். பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். நீங்கள் அழுக்கு என்று நினைப்பது, பாட்டியின் கை பட்டுப் பட்டு ஏறிய கறையாக இருக்கலாம்.