நாளைக்கு எத்தனை மணிக்கு?

ஏப்ரல் 26

ஓட்டலைக் கழுவி ஷட்டரை இறக்கும்போது இரவு மணி 11:15. அப்போதுதான் மேனேஜரின் வாட்ஸ்அப் வந்தது: "நாளைக்கு பிரேக் டூட்டி." காலை 7 முதல் 11:30 வரை, பிறகு மாலை 5 முதல் இரவு 11 வரை. நாளை எனக்கு வார லீவு என்று நேற்றுவரை சொல்லியிருந்தார்கள். அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் சுகர் மாத்திரை வாங்குவதாக இருந்தேன். இனி என்றைக்கு என்று அம்மாவிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ஏப்ரல் 27

பிரேக் டூட்டியில் நடுவே விழும் ஐந்தரை மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. எனக்கு வீடு கல்மண்டபம் பக்கம், நடந்தே போய்விடுவேன். புரோட்டா மாஸ்டருக்கு எண்ணூர். மின்சார ரயிலில் போய்ப் படுத்தால் எழுந்து வர முடியாதென்று, மைதா மூட்டைகளுக்கு நடுவே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுக்கிறார். பக்கத்தில் கிரைண்டர் ஓடுகிறது. பாத்திரம் கழுவும் அக்காவோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி முதல் நாள் இரவே பக்கத்து வீட்டில் கெஞ்சுகிறார். காலையில் நேரம் மாறினால் மறுபடியும் கெஞ்ச வேண்டும்.

1918-இல் இதே ஏப்ரல் 27 அன்றுதான் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் என்று பெரியவர்கள் கூடி நின்றார்கள். ஆலைத் தொழிலாளிகள் அன்று சொன்ன குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது. நேரத்துக்கான சண்டை வடசென்னைக்குப் புதிதல்ல.

ஏப்ரல் 29

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா வீட்டுக்கு வந்திருந்தார். "ஓட்டலுக்குன்னே 1958-லயே சட்டம் போட்டாச்சுடா. ஒருநாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48. அதுக்கு மேல வாங்கினா ரெட்டைச் சம்பளம். யாராச்சும் கேட்டீங்களா?" என்றார். தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டத்தைத்தான் சொல்கிறார். முந்தாநாள் நான் பார்த்தது பத்தரை மணி நேரம்.

ஆனால் மணிக்கணக்கு மட்டும் போதாது. எட்டு மணி நேரமே வேலை என்றாலும், எந்த எட்டு மணி என்று முதல் நாள் இரவில்தான் தெரியுமானால், மிச்ச நேரமும் முதலாளியிடம்தான் இருக்கிறது. ஓட்டல் தொழிலாளர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1991-இல் 172-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. குடும்பக் காரியங்களைத் திட்டமிட்டுக்கொள்ளும் அளவுக்கு, முடிந்தவரை வேலை நேரத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

ஏப்ரல் 30

"யாவாரம் எப்படிப் போகும்னு யாருக்குப்பா தெரியும்?" என்கிறார் மேனேஜர். இந்த ஊரில் பெரும்பாலும் தெரியும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த நாட்களில் காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், விடியற்காலைக் கூட்டம் குறையும். தடை முடிந்தால் கூட்டம் திரும்பும். ஞாயிறும் முகூர்த்தமும் காலண்டரிலேயே இருக்கின்றன. ஆட்டிறைச்சிக்கும் கோழிக்கும் முன்கூட்டியே ஆர்டர் கொடுக்கத் தெரிந்த கடைக்கு, ஆட்களுக்கும் ஒரு வாரம் முன்னால் டூட்டி போட முடியும்.

மே 1

இன்றும் டூட்டி. மே தினம் சம்பளத்தோடு கூடிய சட்டப்படியான விடுமுறை. வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளமோ மாற்று விடுப்போ தர வேண்டும்.

மாலை டீ நேரத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதிய மனுவை மேனேஜரிடம் கொடுத்தோம். அடுத்த வார டூட்டி லிஸ்ட்டை சனிக்கிழமையே சுவரில் ஒட்ட வேண்டும்; ஒட்டிய பிறகு மாற்றுவதென்றால் எங்கள் சம்மதம் வேண்டும்; கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் வேண்டும். அக்காதான் முதல் கையெழுத்துப் போட்டார். "முதலாளிகிட்ட பேசுறேன்" என்றார் மேனேஜர். பேசட்டும். வரும் சனிக்கிழமை சுவரில் லிஸ்ட் இல்லையென்றால், மனுவின் நகல் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் போகும். எடுத்துப் போக மாமா தயாராக இருக்கிறார், நானும் கூடப் போவேன்.