முப்பது டிகிரியில் என்ன குளிர்?

மே மாதம், காலை ஆறு மணி. பெசன்ட் நகரில் அந்நேரத்துக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அப்போதும் காரை ஸ்டார்ட் செய்தால் ஆர்.பி.எம். முள் நேரே 1,400-க்குப் போய் நிற்கிறது. அரை நிமிஷம் போல உறுமிவிட்டு 800 பக்கம் இறங்குகிறது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "இன்ஜின் குளிர்ந்து கிடக்குது சார், சூடேத்திக்குது." சிம்லாவில் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். சென்னையில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. கத்திரி வெயிலில் எந்தக் குளிரை விரட்ட என் கார் இப்படி உறுமுகிறது?

முதலில் போய் நின்றது, அம்பாசடரிலும் பத்மினியிலும் தொழில் பழகிய ஒரு மெக்கானிக்கிடம். அவர் பேச்சை சோக்கில் இருந்து ஆரம்பித்தார். பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியானால்தான் எரியும். ஆனால் பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. அதில் 35 டிகிரியிலேயே கொதிக்கும் சரக்கும் உண்டு, 200 டிகிரி வரை அசையாத சரக்கும் உண்டு. இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது கணிசமான பங்கு ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஈரமாகப் படிந்துவிடும். அதை ஈடுகட்ட டேஷ்போர்டில் இருக்கும் சோக் குமிழை இழுப்பார்கள். கார்புரேட்டர் வாயில் உள்ள தகடு மூடிக்கொள்ளும், காற்று குறையும், பெட்ரோல் தூக்கலாக உறிஞ்சப்படும். அதே கம்பி த்ராட்டிலையும் ஒரு மயிரிழை திறந்து வைக்கும். பழைய கார் காலையில் வேகமாக ஐடில் ஆனதற்கு அந்த மயிரிழைதான் காரணம்.

"ஆனா மெட்ராஸ்ல சோக்கை யாரு சார் இழுத்தா? மார்கழியில ரெண்டு வாரம். மத்த நாளெல்லாம் ஆக்ஸிலேட்டரை ரெண்டு மிதி மிதிச்சா செல்ஃப்ல எடுத்துக்கும்."

இந்தப் பதில் என் சந்தேகத்தை இன்னும் பெரிதாக்கியது. சோக் வைத்த கார்களே இந்த ஊரில் சோக் இல்லாமல் கிளம்பியிருக்கின்றன. கம்ப்யூட்டர் வைத்த காருக்கு மட்டும் எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்?

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டுவார்களே, அது. அதில் செருகினால் செல்போனில் எண்களைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினேன். கடற்கரைச் சாலையில் இரவு முழுக்க நின்ற காரை மறுநாள் காலை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பார்த்தேன். கூலன்ட் சூடு 31 டிகிரி, ஆர்.பி.எம். 1,400. சற்று நேரத்தில் ஆர்.பி.எம். இறங்கத் தொடங்கியபோது கூலன்ட் 40-ஐக்கூடத் தொடவில்லை. 'இன்ஜின் இன்னும் ஆறித்தான் இருக்கிறது' என்று சொல்லும் நீல விளக்கும் அணையவில்லை. இன்ஜினைச் சூடேற்றுவதுதான் நோக்கம் என்றால், சூடு ஏறும் முன்பே ஏன் வேலையை நிறுத்த வேண்டும்?

இன்னொரு எண் அதைவிட விசித்திரமாக இருந்தது: இக்னிஷன் டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் விழவேண்டும், அதுதான் பாடம். உறுமும் அந்த அரை நிமிஷத்தில் மட்டும் திரை மைனஸ் காட்டியது. அதாவது பிஸ்டன் உச்சியைக் கடந்து கீழே இறங்க ஆரம்பித்த பிறகு தீ வைக்கிறது. இப்படித் தாமதமாக எரிந்தால் பாதிச் சக்தி பிஸ்டனைத் தள்ளாது. எரிந்துகொண்டே எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியே போகும். இழந்த சக்தியை ஈடுகட்ட அதிகக் காற்று, அதிக பெட்ரோல், அதிகச் சுற்று. பெட்ரோல் விற்கிற விலையில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்றே இப்படி விரயம் செய்கிறது என்றால், அந்தச் சூடு வேறு எங்கோ தேவைப்படுகிறது.

மெக்கானிக் என் காரை லிஃப்டில் ஏற்றிக் காட்டினார். கடல் உப்பில் பின் சைலன்சர் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. பெசன்ட் நகர்க் காருக்கு அதுதான் அடையாள அட்டை. அவர் விரல் காட்டியது அங்கே அல்ல. இன்ஜினை ஒட்டி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் கீழே ஒரு பருத்த டப்பா. "கேட்-கான் சார். முன்னெல்லாம் சீட்டுக்கு அடியில தொங்கும். இப்ப இன்ஜின் மடியிலயே உக்கார வச்சிட்டான்."

கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் மாற்றிவிடும். ஆனால் 250, 300 டிகிரி எட்டும்வரை அது வெறும் பீங்கான்தான். அதுவரை வரும் புகை அப்படியே நம் மூக்குக்கு. நவீன பெட்ரோல் கார் சோதனையில் வெளிவிடும் மாசின் பெரும்பகுதி முதல் ஓரிரு நிமிஷங்களிலேயே வந்துவிடுகிறது.

இந்த கன்வர்ட்டர் நம் ஊருக்கு வந்த கதைக்கு நீதிமன்றத்தில் ஒரு முனை இருக்கிறது. டெல்லி வாகனப் புகையை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலும் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு கன்வர்ட்டர் கட்டாயமானது. அப்போது மெட்ராஸ் இன்னும் 'சென்னை' ஆகவில்லை. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் பட்டால் கன்வர்ட்டர் செத்துவிடும் என்பதால் ஈயமில்லா பெட்ரோலும் கூடவே வந்தது. அமெரிக்காவில் யூஜின் ஹூட்ரி 1950-களிலேயே காருக்கான கன்வர்ட்டர் செய்து வைத்தும், ஈய பெட்ரோல் இருந்தவரை அது எடுபடவில்லை. இங்கே நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில்.

கன்வர்ட்டர் வந்ததுமே உறுமல் வந்துவிடவில்லை. 1995-இன் மாருதி 800-இல் கன்வர்ட்டரும் இருந்தது, கார்புரேட்டரும் சோக்கும் இருந்தன. ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும் வேலைக்கு கம்ப்யூட்டர் வேண்டும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார், கம்ப்யூட்டர் கணக்கிட்டு பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ.யோடு வெளியே வந்ததும், நம் தெருக்களில் அந்தக் காலம் தொடங்கிவிட்டது.

மிச்சத்தைச் செய்தது சோதனை விதி. நம் பாரத் ஸ்டேஜ் புகை விதிகள் ஐரோப்பாவை ஒட்டி எழுதப்பட்டவை. அங்கே முன்பெல்லாம் காரை ஸ்டார்ட் செய்து 40 விநாடி ஓடவிட்ட பிறகுதான் புகையைப் பிடிப்பார்கள். 2000-இல் யூரோ 3 அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. சாவி திருகிய நொடியிலிருந்தே கணக்கு. கார் கம்பெனிகளுக்கு அந்த முதல் அரை நிமிஷம் உயிர்நிலையானது அப்போதுதான்.

அதே விதியில் என் கேள்விக்கும் பதில் இருந்தது. 'குளிர்ந்த இன்ஜின்' என்றால் எவ்வளவு குளிர்? சோதனைக்கு முன் காரைக் குறைந்தது ஆறு மணி நேரம் 20 முதல் 30 டிகிரி வரையுள்ள அறையில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். சென்னையில் பாதி வருஷத்துக்கு மேல் விடியற்காலை அதற்குள் அடங்கிவிடும். 300 டிகிரி தேவைப்படும் டப்பாவுக்கு சிம்லாவும் ஒன்று, பெசன்ட் நகரும் ஒன்று.

இன்ஜினுக்கே பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். 30 டிகிரி ஆயில், 90 டிகிரி ஆயிலைவிடப் பல மடங்கு கெட்டி. சுவரில் படியும் ஈரமும் பொய்யல்ல. முதல் இறக்கத்துக்குப் பிறகும் முள் கொஞ்ச நேரம் சற்று உயரத்திலேயே நிற்பது அவற்றால்தான். ஆனால் அந்தப் பெரிய உறுமல் கன்வர்ட்டருக்காக.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் தினமும் காரைக் கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவார். மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாலே சீக்கிரம் சூடாகும் என்று இத்தனையையும் அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "உன் வண்டிக்கு சரிப்பா. என்னுது எண்பத்தஞ்சு மாடல் பத்மினி. கேட்-கானுக்கு நான் எங்க போவேன்?" என்று சொல்லிக்கொண்டே சோக்கை உள்ளே தள்ளினார்.