மாவுப்பூச்சியும் நமது அவசரமும்



சேலம், நாமக்கல் சமவெளியில் பூந்தொட்டி இல்லாத திண்ணை அரிது. நமது பங்கு இல்லத்து முற்றத்திலும் பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் உண்டு. 2022 ஆம் ஆண்டுக் கோடையின் தொடக்கத்தில், நாம் பெருமையுடன் வளர்த்து வந்த அடுக்குச் செம்பருத்தியின் குச்சிகளை ஒடித்து ஐந்து குடும்பங்களுக்குக் கொடுத்தோம். கணுவிடுக்குகளில் வெண்மையாய் ஏதோ ஒட்டியிருந்ததைக் கண்டோம். தூசி என்றெண்ணி வாளாவிருந்தோம்.

சில வாரங்களில் தாய்ச்செடியின் குருத்துகள் சுருங்கின. பஞ்சு ஒட்டியதுபோல் கிளையெங்கும் வெண்மை படர்ந்தது. இலைகள் பிசுபிசுத்து, அதன்மேல் கரிபூசினாற்போன்ற பூசணம் படிந்தது. தண்டில் எறும்புகள் சாரிசாரியாய் ஏறின. மாவுப்பூச்சி என்று அப்போதுதான் உணர்ந்தோம். உடனே கடையில் கடுமையான மருந்தொன்றை வாங்கி, அளவுக்கு மிஞ்சித் தெளித்தோம். செடி சுத்தமாயிற்று. ஆனால் ஒரு மாதத்திற்குள் பூச்சி முன்னிலும் மிகுதியாய்த் திரும்பிற்று.

மீண்டும் தெளிக்க முனைந்த மாலையில், ஆலயத்தைப் பெருக்க வரும் மூதாட்டி ஒருவர் நம் கையைத் தடுத்தார். "சாமி, இதுல பெரிசா, மயிரு நீண்டு, வேகமா ஊருதே, அது மாவுப்பூச்சி இல்லீங்க. மாவுப்பூச்சியத் தின்ன வந்த புழுங்க" என்றார். உற்று நோக்கினோம். உண்மைதான். பொறிவண்டு இனத்தின் புழு அது. தான் தின்னும் பூச்சியைப் போலவே வெண்மெழுகுப் போர்வை அணிந்திருந்தது. மாவுப்பூச்சியைத் தின்னும் இத்தகைய பொறிவண்டு ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து 1898 இல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டதென்று பின்னர் படித்தறிந்தோம். முதன்முறை தெளித்தபோது பகைவரோடு எத்தனை காவலரையும் கொன்றோமோ!

எழுதப் படிக்க அறியாத அம்மூதாட்டிக்கு இவ்வறிவு எங்ஙனம் வந்தது? துன்பம் கற்பித்தது. 2020 இல் கேரளத்தில் முதலில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் நம் சமவெளிக்கும் பரவியது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி பயிரிட்ட அவர் மகனின் தோட்டத்தில் குருத்துகள் முடிச்சுமுடிச்சாய்ச் சுருண்டன. தோட்டத்திற்கு வந்த வேளாண் அலுவலர்கள் நன்மை செய்யும் பூச்சிகளை அடையாளம் காட்டினார்களாம்.

இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்து, கோடிக்கணக்கானோரின் உணவுக்கு ஆபத்தை விளைவித்தது. தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டில் 1981 இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியே அதற்கு மருந்தாயிற்று. இப்பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெர்ரன் 1995 இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று வெளிவரும். பெங்களூருவிலுள்ள தேசிய நிறுவனம் அதனைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது விடப்பட்டது.

மாவுப்பூச்சியில் பல வகை உண்டு. செம்பருத்தியில் வாழும் சில வகை பப்பாளிக்கும் மரவள்ளிக்கும் தாவக்கூடியவை. இதை அறிந்த அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. மறுநாள் ஐந்து வீடுகளுக்கும் சென்றோம். பிறர் குற்றத்தைச் செவிமடுத்தே பழகிய நமக்கு, பிறர் வாசலில் நின்று நம் குற்றத்தைச் சொல்வது எளிதாயில்லை. மூன்று வீடுகளில் பூச்சி பரவியிருந்தது. ஐந்தாவது வீடு அம்மூதாட்டியுடையது. அவர் சிரித்தார். "அந்தக் குச்சிய வாங்குன அன்னிக்கே எரிச்சுட்டேனுங்க சாமி. சொன்னா உங்க மனசு நோகுமேன்னு சொல்லல."

அவரிடமும் நூல்களிலும் கற்றதை இங்கே தருகிறோம். பூச்சி சிறிதாயிருக்கையில் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்; அல்லது நீரை வேகமாய்ப் பீய்ச்சிக் கழுவுங்கள். மிகவும் கெட்ட கிளையை வெட்டி எரித்துவிடுங்கள். ஒரு லிட்டர் நீரில் சிறிது சோப்பைக் கரைத்து, ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய் கலந்து, முதலில் ஓர் இலையில் தெளித்துப் பாருங்கள். இலை கருகவில்லையெனில் வெயில் தாழ்ந்தபின், வாரம் ஒருமுறையாக மும்முறை, இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். பொறிவண்டுப் புழு தென்படும் கிளையை மட்டும் விட்டுவிடுங்கள். எறும்பைத் தடுப்பது மிக முக்கியம். பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக அதன் பகைவரை விரட்டிக் காப்பது எறும்பே.

குருத்தில் மொய்க்கும் அசுவினிக்கும் இம்முறையே போதும். செடியை அசைத்தால் வெள்ளை ஈக்கள் பறக்கின்றனவா? மஞ்சள் அட்டையில் ஆமணக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். இலை புள்ளிபுள்ளியாய் வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை கண்டால் அது சிலந்திப்பேன். வறண்ட வெப்பத்தில் பெருகும் அதை, இலையின் அடிப்புறத்தை அடிக்கடி கழுவித் தணிக்கலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, புதிய செடி எங்கிருந்து வந்தாலும் இரு வாரம் தனியே வைத்துக் கவனியுங்கள். பங்கு இல்லத்திலிருந்து வந்த செடியானாலும் அப்படியே செய்யுங்கள். நாம் வருந்தமாட்டோம்.