கோவிவன் காவல் நின்ற கல்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடிக்கு ஒரு தோற்றக் கதை உண்டு. காஞ்சிபுரத்து வேளாளப் பெண்கள் ஏழு பேரைக் கங்குந்தி வேடர்கள் தூக்கிப் போனார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள், கூட வரும் ஏழு நாய்களும் தனியாகத் திரும்பினால் தங்களுக்குக் காரியம் செய்துவிடும்படி மனைவியரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் அக்கரை ஏறிவிட்டார்கள். நாய்களோ பாதி ஆற்றில் திரும்பி ஊர் வந்து சேர்ந்தன. பெண்களை மீட்டுக்கொண்டு வந்தவர்களுக்குக் கருமாதியே முடிந்திருந்தது. மனைவியர் தாலியறுத்திருந்தார்கள். செத்தவர்களுக்கு ஊரில் ஏது இடம்? வேடர் குலத்தில் பெண்ணெடுத்து ஏழு பேரும் ஜவ்வாது மலை ஏறினார்கள். 1909இல் வெளிவந்த தம் நூலில் இனவரைவியலாளர் தர்ஸ்டன் இதற்கு 1132 என்று ஆண்டே தருகிறார். அந்தத் துல்லியத்தை நான் ஏற்பதில்லை. சேர்ந்து சாகத் துணிந்த ஒரு கூட்டம் ஒரு குடியாக மாறியது என்பதே இதில் எனக்கு வரலாறு.

மலையிறங்கிச் செங்கம் வட்டாரத்துக்கு வந்தால், அப்படிப்பட்ட கூட்டத்து ஆட்கள் நடுகல்லாக நிற்கிறார்கள். எனக்கு உயிரான கல் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் இருக்கிறது. வில்லோடு நிற்பவன் கருந்தேவக்கத்தி. பொற்றொக்கையாரின் சேவகன், எருமைகளைக் காக்கப் போய் மாண்டவன். பக்கத்தில் ஒரு நாய். அதற்கும் வட்டெழுத்தில் வரி வெட்டியிருக்கிறார்கள்: பெயர் கோவிவன், கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது. தலைவனுக்குக் கட்டுப்பட்ட அந்தக் கூட்டத்தில் நாயும் ஓர் ஆள்.

கல்வெட்டின் காலம் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. 600 முதல் 630 வரை என்று அவனுக்கு முப்பதே ஆண்டு தரும் நூல்களுக்கு இந்த எருமைக்காரன் கல்லே பதில். சேவகன் பொற்றொக்கையாருக்கு அடங்கினான், அவர் வாணர் குடியின் உறவு, வாணர் பல்லவருக்கு அடங்கியவர்கள். காஞ்சியின் அதிகாரம் இந்தப் பிணைப்பில்தான் மாட்டுப்பட்டி வரை வந்தது. பிற்காலச் சோழரின் படையினரான வேளைக்காரரும் இப்படித் தலைவனுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களே. அந்தப் பெயர் கொண்ட படையினர் 12ஆம் நூற்றாண்டில் இலங்கையின் பொலன்னறுவையில், புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று தமிழில் கல்வெட்டு வெட்டிக் கொடுத்தார்கள்.

இப்பேர்ப்பட்ட கற்களை நாம் என்ன பாடு படுத்துகிறோம்! வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடும் ஊர்க்காரர்களால்தான் பல நடுகற்கள் பிழைத்திருக்கின்றன. அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. திருப்பணி என்று கிளம்பி, கல்லைச் சுற்றி முழங்கால் உயரம் சிமென்ட் மேடை போட்டு, வீரன் மேல் எனாமல் பெயின்ட் அடித்து, எழுத்துப் பள்ளங்களில் கலவையை அப்புகிறவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. அதைச் சுரண்டினால் கல்லின் பொருக்கோடு எழுத்தும் போய்விடும். வழிபாடு தாராளமாக நடக்கட்டும். மேடைக்குச் சிமென்ட் இறக்குமுன், கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, ஈரத்தாள் ஒட்டி மை ஒற்றிப் படியெடுக்கச் சொல்லுங்கள்.