கணக்கில் சேராத ஆட்டம்

அமெரிக்கப் பேஸ்பால் அணிகள் பருவம் தொடங்குமுன் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் ஆடுகிற, புள்ளிப்பட்டியலில் ஏறாத முன்னோட்ட ஆட்டங்களுக்கு ‘வசந்தகாலப் பயிற்சி’ என்று பெயர். தமிழகத்தில் அதற்கு மிக நெருங்கியது, ஐபிஎல்லுக்கு முன் சேப்பாக்கத்தில் ரசிகர் சூழ நடக்கும் சென்னை சூப்பர் கிங்ஸ் பயிற்சியாகும். இதற்காக நாகர்கோவில் ரசிகர் ஒருவர் மாலையில் கன்னியாகுமரி விரைவு ரயிலேறி, விடியலில் எழும்பூரில் இறங்குவது ஊரிலுள்ளோர்க்கு வீண்செலவாகத் தோன்றலாம்; ஆனால் கணக்கு அப்படியன்று. 2019 மார்ச்சில் இத்தகைய பயிற்சியொன்றில், தடுப்பைத் தாண்டி ஓடிவந்த ரசிகருக்குப் பிடிகொடுக்காமல் அணித்தலைவர் தோனி, சிறுவர் ஓடிப்பிடித்து விளையாடுவதுபோல் மைதானத்தில் வளைந்து வளைந்து ஓடிவிட்டுக் கடைசியில்தான் நின்றார். மார்ச் 23 அன்று அதே அரங்கில் பெங்களூரு அணி 70 ஓட்டங்களில் சுருண்டுவிட்ட தொடக்க ஆட்டத்திலோ, சீட்டுக்குப் பணம் கொடுத்து வந்தோருக்குத் தோனி மட்டை பிடிப்பதைப் பார்க்கவே வாய்க்கவில்லை.